பக்கத்து வீட்டுச் சொற்கள்

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. கறுப்பு மட்டை, முதுகில் சிவப்புத் துணி. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற மறுவாரமே அதை வாங்கினேன். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்தியவனுக்குத் திருத்த ஒன்றுமில்லாத காலைநேரம் பெரிய தொல்லை. மனைவி எழுதிவைத்த சாமான் துண்டை எடுத்துத் திருத்தினேன். 'கருவேப்பிலை' என்று எழுதியிருந்தாள், அடிக்கோடு போட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய்க் கொப்பி வாங்கினேன்.

அதில் மாத்தளைப் பக்கத்துச் சொற்களை எழுதுகிறேன். அகராதியில் இல்லாத சொற்கள், இருந்தாலும் வேறு பொருளில் இருக்கிற சொற்கள். ஒரு சொல்லை எழுதினால் அதன் முகச்சாயல் உள்ள இன்னொரு சொல்லையும் எதிரே எழுதவேண்டும். அதற்குப் 'பக்கத்து வீடு' என்று பெயர் வைத்திருக்கிறேன். பீலி: நான் பிறந்த ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் மலைத்தண்ணீர் வந்து விழும் குழாய், குளிப்பதும் உடுப்புத் துவைப்பதும் சண்டை போடுவதும் அங்கேதான். பக்கத்து வீடு: பீலி, மயிலிறகு. எங்கள் பீலிக்கு மயில் வந்ததில்லை. கவ்வாத்து: தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுவது. பக்கத்து வீடு: கவாத்து, பொலிஸ்காரர்கள் காலைத் தூக்கி நடப்பது. தவறணை: தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். பக்கத்து வீடு: தவறணை, சாராயம் விற்கும் இடம். இரண்டிலும் ஊற்றுகிறார்கள்.

கொப்பிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல்லை முதல் தடவை கேட்டால் பென்சிலால் எழுதுவேன். அதே ஆள், நான் கேட்காமல், தானாகவே இரண்டாம் தடவை சொன்னால்தான் பேனை. 'இதுக்கு உங்க பக்கம் என்ன சொல்லுவீங்க?' என்று கேட்கவே கூடாது. கேட்டால் சனங்கள் விருந்தாளிக்குப் புதுப் பீங்கானை எடுப்பது போல நல்ல சொல்லாகத் தேடித் தருவார்கள். அது எனக்கு வேண்டாம். அடுப்படியில் கிடக்கிற பீங்கான்தான் வேண்டும்.

பேனைக்கு வந்த சொற்களில் பாதிக்கு மேல் ஒரே ஆளுடையவை. யட்டவத்த சந்தைக்குப் பக்கத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடைக்காரர். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும், முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு அதுதான் சொல், நானும் அப்படித்தான். அவருக்கு நான் மாஸ்டர். வியாழக்கிழமை தோறும் மாத்தளையிலிருந்து பஸ் ஏறிப் போய் அவர் கடையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிடுவேன். அவர் பிளேன்டீ தருவார். பிறகு சண்டை பிடிப்போம்.

சண்டை என்றால் சொல்லில்தான். எனக்கு வாங்கு என்றால் வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலில் நான் உட்காருகிற நீளப் பலகை. அவருக்கு வாங்கு என்றால் பள்ளியிலிருந்து தொழுகைக்குக் கூப்பிடுவது. “உங்கட வாங்குல குந்துற, எங்கட வாங்குக்கு எழும்புற” என்று தீர்ப்புச் சொன்னார். தாத்தா இன்னும் மோசம். என் வீட்டில் தாத்தா அப்பாவின் அப்பா. அவர் வீட்டில் தாத்தா மூத்த சகோதரி. கடைக்கு வரும் சிங்களவர்களுக்கு தாத்தா அப்பா. ஒரு நாள் போனில் “தாத்தாக்கு சொகமில்லயாம்” என்று சொன்னார். கடையில் நின்ற மூன்று பேரும் ஆளுக்கு ஒரு விதமாக வருத்தப்பட்டோம்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. சரியான பொருளைச் சொல்வதில் அவருக்குப் பெரிய ஆசை கிடையாது, கேட்டாலும் “ஆருக்குத் தெரியும்” என்று தராசைப் பார்ப்பார். பிழையாக யாராவது சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டார். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வருவார். அந்தக் குணத்தைச் சகிக்கமுடியாதவர்கள் அவரை விட்டுப் போய்விட்டார்கள். எனக்கும் அதே வியாதி இருந்ததால் நான் மிஞ்சினேன்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை அவர் கடையிலேயே விழுந்தார். பாரிசவாதம் என்றார்கள். கால் தப்பியது. வலது கையில் கொஞ்சம் பலமில்லை. பேச்சு போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பேச்சு இருந்தது. சொற்கள் இடம் மாறியிருந்தன. மூக்கைத் துடைக்க லேஞ்சி வேண்டும் என்றால் லாச்சி என்றார். மேசை லாச்சியை இழுத்துக் கொடுத்தால் தலையை ஆட்டி, தாச்சி என்றார். அவருடைய மனைவி பொரிக்கிற தாச்சியைக் கொண்டுவந்து நின்றாள். நான் போய் அவர் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு என்று என் கொப்பி முறையிலேயே அவர் அலைந்துகொண்டிருந்தார். எனக்கு அது விளங்கியது. விளங்கி ஒரு பயனும் இல்லை.

கராம்பு கரும்பானது. கராம்பு விற்க வந்த ஒரு மனிதரிடம் “கரும்பு காயல்ல” என்றார். அந்த மனிதர் தன் சாக்கைத் திறந்து இரண்டு தடவை பார்த்தார். மாஸ்டர் டிரைவரானது. “வாங்க டிரைவர்” என்றார் என்னைப் பார்த்து, முகம் நிறைந்த சிரிப்போடு. நான் வாழ்க்கையில் வாகனம் ஓட்டியதில்லை. சில வியாழன்களில் டெய்லர். அதையும் நான் செய்ததில்லை. ஓதுவது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது, ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவதும் வந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பிள்ளை, இது வழமைதான், மெதுவாகச் சரியாகும் என்று சொன்னதாம். எவ்வளவு மெதுவாக என்று சொல்லவில்லை.

மெதுவாக ஆகட்டும் என்று விட்டுவிட முடியாத ஒரு காரியம் இருந்தது. அவருடைய இளைய மகளுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். நிக்காஹ் நடக்கும்போது பெண்ணின் வலி, அதாவது பொறுப்பாக நிற்கும் தகப்பன், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மகளின் பெயரையும் மாப்பிள்ளை கொடுக்கும் மஹர்ப் பணத்தையும் சொல்லி 'உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்' என்று சொல்லவேண்டும். வலி என்ற சொல் கொப்பியில் பேனையால் இருக்கிறது. அதன் பக்கத்து வீட்டை நான் எழுதத் தேவையில்லை.

“மௌலவிக்கிட்ட ஒப்படைக்கலாமாம் மாஸ்டர்” என்றாள் அவர் மனைவி. “தலய ஆட்டினா போதுமாம், மிச்சத்த அவர் சொல்லுவாராம். இந்த மனுசன் கேக்குறாரில்ல. மூத்தவளுக்கு தன்ட வாயால சொன்ன, எளயவளுக்கும் தன்ட வாயாலதானாம்.”

“இதெல்லாம் அவரு எப்படிச் சொன்னாரு?”

“சொல்லல்ல. எட்டு வெரலக் காட்டினார், மூத்தவள்ட கலியாணம் எட்டு வருஷத்துக்கு முந்தி. பொறகு வாயத் தொட்டுக் காட்டினார். பொறகு அழுதார்.”

இளைய மகள் வாசலில் நின்று, “வாப்பாக்கு ஏலாட்டி பரவால்ல” என்றாள். பரவாயில்லை என்ற முகமாக அது இல்லை. அவளுக்கு அந்த வீட்டில் எல்லாமே அக்காவுக்குப் பிறகுதான் கிடைத்திருக்கிறது, இதாவது குறையாமல் கிடைக்கட்டும் என்று தகப்பன் நினைக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே! ஆனால் நானாக இருந்தால் ஆட்டியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன், பிறகு கோபப்படவில்லை.

நான் படிப்பித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் சொல்லவேண்டிய வசனத்தைப் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதினேன். படங்கள் வெட்டி ஒட்டினேன். வியாழன் மட்டும் போதாது என்று திங்களும் போனேன். அவர் கரும்பு என்றால் “கராம்பு” என்று திருத்துவேன். லாச்சி என்றால் “லேஞ்சி”. பத்துக்கு எத்தனை என்று புள்ளியும் போட்டேன். முதல் வாரம் நான்கு, இரண்டாம் வாரம் மூன்று, நான்காம் வாரம் பூச்சியம். பூச்சியத்தை அவரிடம் காட்டவும் செய்தேன். என்ன புத்தியோ! அவர் என் கையிலிருந்த கொப்பியைப் பிடுங்கி மிளகுச் சாக்குக்குள் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் போனால் தலையைத் திருப்பிக்கொண்டார், டிரைவர் என்றுகூடக் கூப்பிடவில்லை.

கல்யாண வசனம் இன்னும் மோசம். மட்டையைப் பார்த்துச் சொல்லும்போது மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறி வரும், பெயர் வரும் இடத்தில் மூத்த மகளின் பெயர் வந்துவிடும். இரண்டு பெண்களின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே எழுத்தில் முடிகின்றன. பெயர் வைக்கும்போது அது அழகாக இருந்திருக்கும். இப்போது, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்றவளை இன்னொருவருக்குக் கொடுக்கப் பார்க்கிறார் தகப்பன். சொன்ன பிறகு பிழை என்று அவருக்கே தெரியும். கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு வியாழன் போயிருந்தேன். அவர் தராசுக்குப் பின்னால் இருந்தார். நான் படிப்பிக்க மனமில்லாமல் கொப்பியைத் திறந்து எனக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். கொப்பியில் அப்போதும் மிளகு வாசம். வசவாசி என்ற சொல் வந்தது. என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை. “வசவாசின்னா சாதிக்காயோட தோலு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

“தோலா?”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் எழும்பி நின்றார்.

“ஆரு சொன்ன தோலெண்டு? தோல தூக்கி எறியுற! தோலுக்கு உள்ளுக்கு, கொட்டய சுத்தி, செவப்பா வல மாதிரி ஈக்குமே, அதுதான் வசவாசி! இத்தின வருஷம் இந்தக் கடையில குந்திக்கிட்டு...”

அங்கே நின்றுவிட்டது. தன் சத்தம் தனக்கே கேட்டு நின்றுவிட்டார். உள்ளே கறி கிண்டிக்கொண்டிருந்த மனைவி அகப்பையோடு ஓடிவந்தாள். “என்ன சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க!” என்றாள். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் விளங்கியது. கேட்டால் வராது, திருத்தினால் வராது. பிழையாகச் சொன்னால் வரும். ஏன் என்று என்னைக் கேட்கவேண்டாம், நான் டாக்டரில்லை.

அன்றிலிருந்து நான் பொய் சொல்லத் தொடங்கினேன். முப்பத்தைந்து வருடம் பிழைக்குச் சிவப்புக் கோடு போட்ட ஆள், பஸ்ஸில் வரும்போதே பிழைகளை யோசித்துக்கொண்டு வந்தேன். சும்மா பிழை சரிவராது. கேட்டவருக்கு நெஞ்செரிச்சல் வருகிற பிழையாக இருக்கவேண்டும். “கறுவான்னா அந்த மரத்தோட பழம்தானே நானா?” என்றேன். “பழமா! பட்ட! பட்டய உரிச்சி சுருட்டி எடுக்குற!” என்றார். “கராம்ப வேர்லருந்துதானே புடுங்குறாங்க?” என்றேன். “யா அல்லாஹ்! கராம்பு மொட்டு! மரத்துல ஏறிப் பறிக்குற மொட்டு!” கராம்பு என்றார். கரும்பு இல்லை. சிவப்புப் பேனையால் அந்தப் பிழைகளையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன், வேறு யாராவது எடுத்து வாசித்தால் என் மானம் போகும்.

ஆனால் கோபம் தணிந்தால் சொல்லும் போய்விடும். மட்டையை நீட்டினால் மறுபடியும் மூத்த மகளின் பெயர்தான். அவர் மனைவி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இதையும் அப்பிடி பிழையா சொல்லிப் பாருங்களேன் மாஸ்டர்” என்றாள்.

என்னால் முடியவில்லை. மிளகில் பொய் சொல்லலாம், கறுவாவில் சொல்லலாம். ஒரு மனிதன் தன் மகளைக் கொடுக்கிற வசனத்தில், அதுவும் அவர்கள் மார்க்கத்து வசனத்தில், கோயில் வாங்கில் குந்துகிற வேதக்காரனான நான் விளையாடுவதா? “அது சரிவராது தங்கச்சி” என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை.

கல்யாணம் யட்டவத்தயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் எனக்கு ஒரு கதிரை, என் மனைவி பெண்கள் பக்கம். மேடையில் மாப்பிள்ளை, மௌலவி, சாட்சிகள், மூத்த மருமகன், நடுவில் நானா. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. மாப்பிள்ளையின் கையை அந்தப் பலமில்லாத வலது கையால் பிடித்திருந்தார், இடது கையால் அதைத் தாங்கியிருந்தார். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இளைய மகள் இருந்தாள். அங்கே ஒலிபெருக்கி இருந்தது. எல்லாம் அவளுக்குக் கேட்கும்.

மௌலவி ஓதி முடித்து, “சொல்லுங்க” என்றார்.

நானா சொன்னார். மூத்த மகளின் பெயர்.

மேடையில் மூத்த மருமகன் இருமினார். மௌலவி நல்ல மனிதர், கேட்காதவர் போல, “ஆறுதலா சொல்லுங்க” என்றார். நானா மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். மறுபடியும் மூத்த மகள். மண்டபத்தில் இருந்த மின்விசிறிகளின் சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. மௌலவி அவர் பக்கம் குனிந்தார். “எனக்கு ஒப்படைக்கிறதா தலய ஆட்டுங்க, போதும்.” ஒலிபெருக்கி அதையும் சொல்லிவிட்டது.

அவர் ஆட்டவில்லை. சபையைப் பார்த்தார். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. பார்வை என்னிடம் வந்து நின்றது. வியர்த்திருந்தார். கண் மட்டும் பழைய வியாழக்கிழமைக் கண். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

எழும்பினேன். வகுப்பின் கடைசி வாங்குக்குக் கேட்கிற குரலில், “என்ன நானா, கல்யாணம் மூத்த மகளுக்குத்தானே?” என்றேன்.

மண்டபமே திரும்பியது. யாரோ “ஆரு இந்த ஆள்?” என்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பைத்தியமா மாஸ்டர்!” என்று மேடையிலிருந்து ஒரு சத்தம். “மூத்தவளுக்கு முடிஞ்சி எட்டு வருஷம்! இது எளயவள்! என்ட எளய மகள்!” என்று கத்தி, அந்தப் பெயரைச் சொன்னார். இளையவளின் பெயர். முழுசாக, தன் பெயரையும் சேர்த்து. கோபம் தணியவிடாமல் அப்படியே மாப்பிள்ளை பக்கம் திரும்பி, மிளகில் கல் கலந்து கொண்டுவந்தவனிடம் பேசுகிற குரலில், “என்ட எளய மகள, சொன்ன மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செஞ்சி தந்தேன்!” என்றார்.

“ஏத்துக்கொண்டேன்” என்றான் மாப்பிள்ளை, அடி விழுமோ என்பது போல அவசரமாக.

திரைக்குப் பின்னால் யாரோ விம்மியது கேட்டது. மௌலவி கையை உயர்த்தி துஆ ஓதத் தொடங்கினார். ஒரு மகளை அவ்வளவு கோபமாகக் கொடுத்ததை நான் கண்டதில்லை.

சாப்பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் என்னோடு ஒரே சஹனில் உட்காரக் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு நானாவின் மனைவி வந்து என் முன்னால் அந்தப் பெரிய தட்டில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சியை வைத்துவிட்டுப் போனாள், அதைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி சொன்னாள், “நல்லா ஏசினாரு உங்கள, சபைக்கு நடுவுல.”

“என்னான்னு ஏசினாரு?”

“பைத்தியமா மாஸ்டர்னு.”

“இன்னொரு தரம் சொல்லு.”

“பைத்தியமா மாஸ்டர்னு. ஏன், காது கேக்கலயா?”

கேட்டதுதான். மேடையில் அவர் சொன்னபோது மற்றதையெல்லாம் கவனித்தேன், பெயரைக் கவனித்தேன், அதைக் கவனிக்கவில்லை. பாரிசவாதம் வந்த பிறகு அவர் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். மாஸ்டர்: நான். பக்கத்து வீடு: டிரைவர். சட்டப்படி பென்சிலால்தான் எழுதினேன், ஒரு தடவைதானே கேட்டது.

அடுத்த வியாழன் கடைக்குப் போனேன். இளைய மகள் புகுந்த வீட்டில் இருந்தாள். அவர் கொப்பியைக் கேட்டு வாங்கி, சிவப்பு மையில் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார், நான் ஒவ்வொன்றாக வெட்டினேன். பிறகு பிளேன்டீயை என் பக்கம் தள்ளி, முகம் நிறையச் சிரித்து, “குடிங்க டிரைவர்” என்றார்.

'நான் டிரைவர்தானே நானா' என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திருத்துவார். அது கேட்டு வாங்கியதாகிவிடும். நான் விடவில்லை. இது நடந்து ஏழு மாதமாகிறது. இரண்டாம் தடவை இன்னும் வரவில்லை. பென்சில் எழுத்து, பக்கத்தோடு பக்கம் உரசி மங்கிப்போகிறது. அதனால் ஒவ்வொரு வியாழனும் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லின் மேலேயே, பென்சிலால், இன்னொரு தடவை எழுதுகிறேன்.